கள்ளனுக்குக் கொடுத்த திட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஆள் கிடையாது. கொழுந்து முற்றல் என்று சொல்வதற்குக்கூட கங்காணி இரண்டு நிரை தள்ளி நின்றுதான் சொல்வார். இராக்கம்மா வாயைத் திறந்தால் மலையே கேட்கும் என்பார்கள். அந்த வாயால் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

என் மகள் ஜீவராணிக்குப் பதுளையில் ஒரு நீச்சல் குளத்தில் வேலை. பெண் பிள்ளைகளுக்கு நீந்தச் சொல்லிக் கொடுப்பாள். கொரோனாவில் பஸ் நின்றபோது பதுளை பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் வாஹித் முதலாளி ஒரு பழைய ரேஸ் சைக்கிளைக் கொடுத்து, "ஓடிப் பாரு மகள்" என்றார். அது எங்கே போய் முடிந்தது தெரியுமா? கொழும்பில் ஒரு போட்டி. கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, எழுந்து சைக்கிளில் தொண்ணூறு மிதித்து, இறங்கி இருபத்தொன்று ஓட வேண்டும். நடுவில் உட்காரக் கூடாது.

"எவன்டி இத கண்டுபுடிச்சான்? அவனுக்கு வேற வேல இல்லியா?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சா வெளிநாட்டுல ஒலகப் போட்டிக்குப் போகலாம்மா" என்றாள்.

அதுதான் அவள் ஆசை. சேலை, தோடு, கல்யாணம் ஒன்றையும் கேட்கவில்லை. உலகப் போட்டி, உலகப் போட்டி, அது ஒன்றுதான். கொரோனாவால் இரண்டு தடவை தள்ளிப்போட்ட கொழும்புப் போட்டி ஒரு வழியாக நடந்தது. அவளுடைய வயதுக்காரிகளில் மூன்றாவதாக வந்தாள். உலகப் போட்டிக்கு ஒருத்திக்குத்தான் இடமாம், முதலாவது வந்தவளுக்கு. வீட்டுக்கு வந்தவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

அதே மாதம்தான் எங்கள் லயத்து வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஜெயலெட்சுமி ஏமாந்தாள். "வாழ்த்துக்கள், உங்களுக்கு வேன் பரிசு விழுந்திருக்கு, நாளைக்குள்ள பதினஞ்சாயிரம் அனுப்புங்க" என்று ஒருவன் போனில் சொல்லியிருக்கிறான். அவள் பெயர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் ஒப்பித்தானாம். கடன் வாங்கி அனுப்பிவிட்டாள். எங்கள் லயத்துக்கு வேன் வரப் பாதையே கிடையாது, அதைக்கூட யோசிக்கவில்லை பாவி! அவள் அழுததைப் பார்த்தபோது, அந்தக் கள்ளன் ஒரு தடவை என் போனுக்கு எடுத்துப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

எடுத்தான்.

பத்து மணி இருக்கும். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். ஜீவராணியின் போன் உடைந்து கிடந்ததால் போட்டிக் காகிதத்தில் என் நம்பரைத்தான் எழுதியிருந்தாள்; அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே இல்லை. சிங்கள வாடை அடிக்கும் தமிழில் ஒரு குரல்.

"அம்மா, வாழ்த்துக்கள்! ஒங்க மகள் ஜீவராணிக்கு ஒலகப் போட்டிக்கு எடம் கெடச்சிருக்கு. நாளைக்கு நாலு மணிக்குள்ள காசு கட்டணும்."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. மூன்றாவது வந்தவளுக்கு எவன் இடம் கொடுப்பான்? என் பிள்ளையின் ஆசையை எங்கேயோ மோப்பம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான் பாருங்கள்! போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டேன்.

"அடேய் நாசமா போறவனே! யாரு காதுல பூ சுத்துற? ஜெயலெட்சுமி காசத் தின்னது செமிச்சிருச்சா? வேனு முடிஞ்சு இப்ப ஒலகப் போட்டியா? ஒன் வாயில மண்ணு விழ!"

"அம்மா, அம்மா, கொஞ்சம் கேளுங்க..."

"நீ கேளுடா! எம்புள்ள கடல்ல நீந்தி வந்தவ. ஒனக்கு வெக்கமா இல்ல? ஒழைச்சுத் தின்னுடா!"

நிரை நிரையாகப் பெண்கள் கூடையோடு நின்று கைதட்டினார்கள். ஜெயலெட்சுமி ஓடி வந்து தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்தாள். அவன் மறுபடியும் எடுத்தான், மறுபடியும் வாங்கிக் கட்டிக்கொண்டான். மூன்றாவது தடவை நம்பரையே தடுத்து வைத்துவிட்டோம். அன்று கங்காணிகூடச் சிரித்தார்.

சாயந்தரம் ஜீவராணி வந்ததும் வராததுமாக, கூடையை எடுத்துத் தலையில் மாட்டி, நடித்தே காட்டினேன். அவள் முகம் வெளிறிப் போனது. கள்ளன் தன் பெயரைச் சொன்னதற்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"போன குடும்மா. நம்பர பாக்குறேன்" என்றாள்.

போனோடு குழாயடிக்குப் போனவள் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"கள்ளன்தாம்மா" என்று சிரித்தாள். "நல்லா குடுத்த."

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், கோயிலில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், எங்கே நாலு பேர் கூடினாலும் என்னைச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக இரண்டு திட்டுச் சேரும். இப்படியே ஆறு மாதம் ஓடியது.

போன செவ்வாய்க்கிழமை பிரஷர் மாத்திரை வாங்கப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்படியே வாஹித் முதலாளியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கடைக்குள் நுழைந்தேன். அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கணும். ஜீவராணிக்கு ஒலகப் போட்டிக்கு எடம் வந்திச்சே, அத ஏன் வேணாமெண்டு சொன்னா?"

"அவளுக்கு எங்க முதலாளி வந்துச்சு? மூணாவதுல்ல."

"மொத ரெண்டு பேரும் கொரோனாவுக்குப் பயந்து வேணாமெண்டுட்டாங்க. அடுத்தது இவதான். கூட்டம் கூட ஏலாதே, அதால போன்லதான் சொல்லியிருக்காங்க. அடுத்த நாள் நாலு மணி வரைக்கும் தவணை. கொழும்புல இருந்து சைக்கிள் சாமான் கொண்டு வந்த ஒருத்தர், போட்டி நடத்தினவங்களுக்குத் தெரிஞ்சவர், நேத்துத்தான் எனக்கே சொன்னார்."

நாலு மணி என்றதும் எனக்கு அந்தப் போன் குரல் ஞாபகம் வந்தது. கடைக்குள் தொங்கிய டயர் எல்லாம் சுற்றியது. ஐயோ, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"காசுக்கு யோசிச்சாளா?" என்றார் அவர். "பஜார்ல நாங்க பத்துப் பேர் பேசி வச்சிருந்தோமே. எடம் கெடச்சா டிக்கெட்டும் கட்டணமும் எங்கட பொறுப்பு எண்டு அவகிட்டயே சொன்னேனே!"

நான் அவருக்குப் பதில் சொன்னேனா, எப்படிக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன், ஒன்றும் நினைவில்லை. ஜீவராணி தண்ணீர் ஓரத்தில் நின்று துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அவன் கள்ளன் இல்லியா?"

எவன் என்று அவள் கேட்கவில்லை.

"இல்லம்மா."

"அன்னிக்கி குழாயடியில..."

"அவருக்குத்தான் எடுத்தேன். ஒனக்காக மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனுசன், கோவிச்சுக்கல. நாளைக்கு நாலு மணி வரைக்கும் யோசின்னாரு. அப்பவே வேணாம்னுட்டேன்."

அப்படியென்றால் போனது என் வாயால் இல்லை. எனக்கு ஆறுதலாகத்தானே இருக்க வேண்டும்? கோபம் கோபமாக வந்தது.

"அறிவு கெட்டவளே! அவங்கதான் காசு தர்றேன்னாங்களே! அதுக்குத்தானே இத்தன பாடுபட்ட?"

"கட்டினா திரும்பத் தர மாட்டாங்கம்மா. போட்டி நடக்குமான்னு கேட்டேன், அவருக்கே தெரியல. பஜார் பூரா பூட்டித் தொறந்து யாவாரம் படுத்துக் கெடந்த நேரம் அது. வாஹித் முதலாளி பொண்டாட்டி நகைய அடகு வச்சிருந்தாரு, ஒனக்குத் தெரியுமா? அப்புடிப்பட்ட காசக் கட்டி, போட்டியும் நின்னு போச்சுன்னா, நான் எந்த மொகத்தோட அந்தக் கடைக்குப் போவேன்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா ஒன்னாலதான் போச்சுன்னு சாகுற வரைக்கும் அடிச்சுக்குவ. அன்னிக்கி எவ்வளவு சந்தோசமா இருந்த. கெடுக்க மனசு வரல."

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சமிருந்தது. அதைக் கேட்டேன்.

"அந்தப் போட்டி நின்னுதானே போச்சு? கொரோனாவுல எல்லாந்தானே நின்னுச்சு? சொல்லுடி."

அவள் துவாயை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"நடந்துச்சும்மா."

"எப்ப?"

"போன சனிக்கெழம."

அதே சனிக்கிழமைதான் ஜெயலெட்சுமியின் மகளுக்குச் சடங்கு. சாப்பாடு முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு அந்தக் கதையைக் கேட்டார்கள். கள்ளனாகப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் பேசுறேன் என்று ஜீவராணிதான் எழுந்து வந்தாள். கையைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மா, வாழ்த்துக்கள்! ஒங்க மகள் ஜீவராணிக்கு ஒலகப் போட்டிக்கு எடம் கெடச்சிருக்கு" என்றாள். ஒரு சொல் பிசகாமல் அவனைப் போலவே சொன்னாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ஆரம்பித்தேன். அவள் என் முன்னால் நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் நல்லாத் திட்டும்மா" என்றாள்.

நான் இன்னும் நன்றாகத் திட்டினேன்.