மடிக்கிற மேசையின் உயரம்

மாணவர் வணிகப் போட்டியின் விதிகளை மார்னியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவாள். எழுத்துப் பிரிவு என்றால் இருபது பக்கம். இருபத்தொன்றாவது பக்கம் வந்துவிட்டால் ஐந்து மதிப்பெண் போச்சு. பக்க எண் விட்டாலும் போச்சு, கையெழுத்து விட்டாலும் போச்சு. கட்டுரையை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, போட்டி நாளன்று நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு நடுவர் முன்னால் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். இத்தனையும் தெரிந்த பெண், விதிப் புத்தகத்தின் அட்டையில் அச்சடித்திருந்த வருடத்தைப் பார்க்கவில்லை.

அது போன வருடத்துப் புத்தகம். ஓரமெல்லாம் அவள் கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஒட்டுச்சீட்டு. அவ்வளவு உழைத்த புத்தகத்தை விட மனசில்லாமல், பார்லோ டீச்சர் ஆகஸ்டில் கொடுத்த புதுப் புத்தகத்தைப் பிரிக்காமலே பையில் போட்டு வைத்திருந்தாள். மற்ற பிரிவுகளுக்கு அது பெரிய தப்பில்லை. அவள் மனதில் வைத்திருந்த தொழில் ஆய்வுப் பிரிவுக்கு அதுதான் தலை போகிற தப்பு. ஊரில் இருக்கிற ஒரு கடையைப் பிடித்து ஆராய்ந்து எழுதும் பிரிவு அது. கடை எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்வி வருடா வருடம் மாறும். போன வருடம், வாடிக்கையாளரை எப்படி வரவைப்பது. இந்த வருடம், வேலைக்காரர்களை எப்படிப் போகாமல் வைத்துக்கொள்வது.

தெரிந்தபோது செவ்வாய்க்கிழமை. அதற்குள் ஆறு வாரம், தான் பள்ளி முடிந்ததும் வேலை பார்க்கும் லோர்னாவின் லாண்டரியில் நூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டிருந்தாள்.

"ஆறு வாரம் மிஸ்," என்றாள்.

"தெரியுது." பார்லோ டீச்சர் புதுப் புத்தகத்தை மூடவில்லை. "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நம்ம பள்ளிக்கூடப் பட்டியல் போயிடும். ஒரு ஆளுக்கு ஒரு எழுத்துப் பிரிவுதான். போனப்புறம் நானே நெனச்சாலும் மாத்த முடியாது. டெவின் குழுவுல ஒரு இடம் காலியா இருக்கு. யோசி."

யோசிக்க விட்டால்தானே. டெவின் வராந்தாவிலேயே காத்திருந்தான்.

"என்ன, உன் துணிக்கடல் வத்திப்போச்சாமே?"

"யார்டா சொன்னது?"

"மூஞ்சி சொல்லுது. சரி வா, புதுத்தொழில் திட்டப் பிரிவுல எங்களோட சேந்துக்க. நாய நடக்கக் கூட்டிட்டுப் போக ஆள் பிடிச்சுக் குடுக்கற ஆப். நீ எழுது, நான் பேசறேன். போன வருஷம் மாதிரி."

அந்த 'போன வருஷம் மாதிரி'தான் மார்னிக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. போன வருடம் இருபது பக்கத்தில் ஒரு வரிகூட அவன் எழுதவில்லை. ஆனால் நடுவர் கை குலுக்கியது அவனோடு. ஊர்ப் பத்திரிகையில் 'டெவின் ஸ்ட்ராக்கின் திட்டம்' என்று வந்தது. படத்தில் மார்னியின் தோள் மட்டும் தெரிந்தது. இது பன்னிரண்டாம் வகுப்பு. இந்த வருடத்தை விட்டால் இன்னொரு வருடம் கிடையாது. தான் எழுதியதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கோப்பை வந்தால் வரட்டும்.

"எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு," என்றாள்.

"துணி மடிக்கறதப் பத்தி இருபது பக்கம்! படிக்கிற நடுவர் பாவம்டி, தூங்கி விழுந்துடுவார்."

புதன்கிழமை லாண்டரிக்குப் போய், வேலைக்கு வருகிறவருக்குக் கடை கொடுக்கும் மேலங்கியை மாட்டினாள். நெஞ்சில் ஒட்டுநாடாவில் 'மார்னி' என்று எழுதியிருந்தது. ஓரம் பிரிந்திருந்ததை அழுத்தினாள், ஒட்டவில்லை. பிய்த்தாள். அடியில் இன்னொரு பெயர். அதையும் பிய்த்தாள், அதற்கும் அடியில் ஒன்று. வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போனால் அவளையும் சேர்த்து ஆறு பெயர். கடைசியாக, துணியோடு பசையாகிப்போன 'யெசீனியா'. அந்த மேலங்கி வாங்கி பதினாலு மாதம்தான் ஆகிறது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஆறு வாரமாக நெய்க்கு அலைந்திருக்கிறாள். வாடிக்கையாளரை எண்ணியவள் தனக்கு முன்னால் நின்றவர்களை எண்ணவில்லை.

"லோர்னா, இவங்கெல்லாம் ஏன் போனாங்க?"

கல்லாவுக்குப் பின்னால் உயர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லோர்னா குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஏன்னா? உடம்பு வணங்கல. இந்தக் காலத்துல யாருக்கு வணங்குது? இறைச்சி ஆலையில ரெண்டு டாலர் கூடக் குடுக்கறான், ஓடிட்டாங்க."

யெசீனியா வாராவாரம் புதன்கிழமை ஆலை உடுப்பைத் துவைக்க அங்கேயே வருவாள். இயந்திரம் சுற்றும்போது மார்னி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, ரெண்டு டாலருக்காகத்தான் போனீங்களா?"

யெசீனியா கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "ரெண்டு டாலர் யாருக்குக் கசக்கும்? ஆனா அதுக்காக இல்ல. நீ வந்து எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசம்."

"காலையில எழுந்து ஷூ லேஸ் கட்டும்போது எங்க வலிக்குது?"

மார்னியின் கை தானாக இடுப்புக்குப் பின்னால் போனது.

"பாத்தியா. ஆலையில மாட்டத் துண்டு போடற மேசைகூட என் இடுப்பு உயரத்துக்கு இருக்கு. இங்க ஒரு துண்டு மடிக்க நான் தரையைக் கும்பிடணும். ஒரு நாளைக்கு முப்பது மூட்டை. நான் ஒண்ணும் மாதா கோயிலுக்கு வேண்டிக்கலையே!"

மார்னி தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், துணி மடிக்கும் மேசையை அளந்தாள். இருபத்தெட்டு அங்குலம். அவள் முழங்கையிலிருந்து தரைக்கு நாற்பது. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பலகையில் காய்ந்த சூயிங்கம், மெழுகுக் கலரில் ஒரு கோணல் நோவா கப்பல். தேவாலயத்தின் ஞாயிற்றுப் பள்ளியில் குழந்தைகள் உட்கார்ந்து படம் வரைந்த மேசை. லோர்னா பழைய சாமான் விற்பனையில் மலிவாகப் பிடித்தது. அதில்தான் அவளுக்கு முன்னால் ஐந்து பேர் நாள் முழுக்க நின்று மடித்திருக்கிறார்கள். லோர்னாவிடம் ஒருவரும் மேசையைச் சொல்லவில்லை. அவரவர் தன் முதுகைத்தான் குறை சொல்லிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதிய உணவு வேளையில் மற்ற நான்கு பேரையும் தேடிப் பிடித்துப் போனில் பேசினாள். ஒருத்தி வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்துப் போனவள். மூன்று பேர் முதுகு என்றார்கள். இனி ஒரே ஒரு தடைதான். கடை முதலாளி எழுத்தில் சம்மதம் தராமல் இந்தப் பிரிவுக்குப் பெயர் கொடுக்கக் கூடாது என்பது பார்லோ டீச்சரின் கட்டளை.

அன்று மாலை லோர்னா சம்மதத் தாளை வாங்கிப் படித்தாள். "என் கடை மானத்த மேடையில ஏத்தப் போறியா?"

"இல்ல லோர்னா. ஆள் ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு எழுதப் போறேன்."

"அதான் சொன்னேனே, உடம்பு வணங்கல."

"அப்படின்னா அதையே எழுதறேன்." மார்னி அன்று வந்த மூட்டைகளில் ஒன்றைத் தூக்கி மேசையில் போட்டாள். "இத ஒண்ண மட்டும் நீங்க மடிங்க. முடிச்சிட்டு நீங்க என்ன சொல்றீங்களோ அத அப்படியே எழுதறேன்."

"நான் இருபது வருஷமா துணி மடிச்சவ, தெரியுமா?"

"இந்த மேசையிலயா?"

லோர்னா ஸ்டூலை விட்டு இறங்கினாள். வம்புக்கென்றே வேகமாக மடித்தாள். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டு மூட்டை. காலுறையே நாற்பது ஜோடி இருக்கும். பாதி மூட்டையில் வேகம் குறைந்தது. ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு மறு கையால் மடித்தாள். போன் அடித்தது. இத்தனை நாளில் எந்தப் போனுக்கும் அவ்வளவு ஆசையாக அவள் ஓடிப் பார்த்ததில்லை. திரும்பி வந்தவள் நேராக ஸ்டூலுக்குப் போய் ஏறி உட்கார்ந்தாள். மார்னி மிச்சத்தைத் தானே மடித்தாள்.

கடை சாத்தும் நேரத்தில் தாள் கல்லா மேல் கிடந்தது. கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே லோர்னா கிறுக்கியிருந்தாள்: 'அனுப்பறதுக்கு முன்னாடி நான் படிக்கணும். பின்கட்டுல ஹாலோ பிளாக் கல் கிடக்கு.'

வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு வகுப்பில் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. புதுத்தொழில் திட்டம் என்ற தலைப்பின் கீழே டெவின் தன் பெயரை எழுதி, அடுத்த கோட்டில் பென்சிலால் 'மார்னி?' என்று போட்டு வைத்திருந்தான். அவள் ரப்பரை எடுத்து அதை அழித்தாள். தூளை ஊதித் தள்ளினாள். பிறகு தொழில் ஆய்வு என்று தேடிப் பிடித்து, பேனாவால், மார்னி ஹால்வர்சன் என்று முழுப் பெயரை எழுதினாள். கீழே இரண்டு கோடுகள் காலி. துணைக்கு இருவரைச் சேர்க்க விதியில் இடமுண்டு. இரண்டின் மேலும் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

"அப்போ எங்களுக்கு யார் எழுதறது?" என்றான் டெவின். கேலி போய்விட்டிருந்தது, நிஜமாகவே கேட்டான்.

"உனக்கும் ரெண்டு கை இருக்குல்ல?"

"எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் பேச வராது. ஜனவரியில போட்டி, அதுக்குள்ள பழகணும்." புதுப் புத்தகத்தைப் பையில் திணித்தாள். "இருபது பக்கம்டா. இருபத்தொண்ணாவது பக்கம் போயிடாத."

பார்லோ டீச்சர் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்தாள். மணி மூன்றாக இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

அன்று வேலைக்குப் போனதும் முதலில் கற்களைத் தூக்கி வந்தாள். மேசையின் ஒரு பக்கத்தை அவள் தூக்க, லோர்னா முனகிக்கொண்டே ஒவ்வொரு காலுக்கும் ஒரு கல்லாகச் செருகினாள். முப்பத்தாறு அங்குலம். மார்னி ஒரு மூட்டையை அவிழ்த்து முதல் துண்டை மடித்தாள். முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. இரண்டாவது துண்டை மடிக்கும்போது, நடுவர் முன்னால் என்ன சொல்லித் தொடங்குவது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லு," என்றாள் லோர்னா ஸ்டூலிலிருந்து. "மெஷின் ஓடுதில்ல, ஒண்ணும் கேக்கல."

மார்னி இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.