வாசலில் நின்றவன்

...தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போய்விடலாம், வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது என்றாலும் கேதீஸ்வரன் சேர் நம்புவார், ஆனால் எழுந்தால் பக்கத்தில் இருக்கிற நதா கதிரையை நகர்த்தி வழிவிட வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், வேண்டாம், இப்படியே இருந்துவிடுவோம் என்று செந்தூரன் மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். சேரோ விடுகிற ஆளாக இல்லை. "ரிட்டேர்ன் விளங்காத ஆக்கள் இஞ்சை பாருங்கோ, எங்கடை செந்தூரன் தன்ரை புளொக்கிலை எழுதியிருக்கிறான், இவ்வளவு காலமாப் படிப்பிக்கிறன், எனக்கே இப்பிடிச் சொல்லத் தெரியேல்லை" என்று அவனுடைய பதிவைப் பெரிய திரையில் விரித்துவிட்டார். எங்கடை செந்தூரனாம்... இந்தக் கோடிங் பூட்கேம்ப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவன் ஏங்கிக் கிடந்த சொல், அது வந்து சேர்ந்த நேரத்தைப் பார்.

கோட் எழுதத்தான் வராது, தமிழ் எழுத வரும், அதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வகுப்பில் படிப்பதை அன்றன்றே வலைப்பதிவில் எழுதுவது என்று தொடங்கினான், ஒரு மாதத்தோடு படிப்பு மண்டையில் ஏறுவது நின்றுபோனது, எழுத்து மட்டும் நிற்கவில்லை. விளங்காததைத் தேநீர் இடைவேளையில் நதாவிடம் கேட்பான், அவள் சொல்லுவாள், அவன் வீட்டுக்குப் போய், தானே கண்டுபிடித்தவன் போல அதை எழுதுவான். அதில் என்ன பிழை, எல்லாரும் யாரிடமாவது கேட்டுத்தானே படிக்கிறார்கள்? ஆனால் ரிட்டேர்னுக்கு அவள் சொன்னது அப்படியா? "பங்க்ஷன் எண்டுறதை ஒரு வீடு மாதிரி நினையுங்க, உள்ளுக்க எத்தினை சாமான் வச்சாலும் வேலை முடிஞ்சதும் எல்லாம் இல்லாமப் போயிடும், ரிட்டேர்ன் எண்டு எழுதின ஒண்டுதான் வெளியில வரும்" என்றவள், "எங்கட உம்மா துருவலையோட வந்த மாதிரி" என்று சிரித்தாள். தொண்ணூறில் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் அவர்கள் வீடு, உம்மா சின்னப் பெண், இரண்டு மணித்தியாலத்தில் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று இயக்கப் பொடியள் வந்து சொன்னார்களாம், ஒருவன் வாசலில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றானாம், பதற்றத்தில் உம்மா கையில் அகப்பட்ட தேங்காய்த் துருவலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம், புத்தளத்து முகாமில் துருவத் தேங்காய் இல்லாமல் அது சும்மா கிடந்ததாம். அவள் சிரித்தபடியால் அவனும் சிரித்தான். அன்று பின்னேரமே எழுதிவிட்டான்.

எழுதினான் என்ன, மாற்றினான். உம்மாவை அம்மா ஆக்கினான், தொண்ணூறைத் தொண்ணூற்றைந்து ஆக்கினான், புத்தளம் சாவகச்சேரி ஆனது, பொடியள் இருந்த இடத்தில் ஆமி வருகிறது என்ற அறிவிப்பு வந்தது, எல்லாம் ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. இடம்பெயர்வு இடம்பெயர்வுதானே, அம்மாவும்தான் நடந்தாள், யாருக்கு என்ன நட்டம்? கடல் கடந்து ஸ்காபரோவிலிருந்து ஓர் அக்கா, வாசித்து அழுதுவிட்டேன் தம்பி என்று எழுதியிருந்தார், அதை அவன் சோற்றுக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தானே, வெட்கங்கெட்டவன்... இப்போது சேர் ஒவ்வொரு வரியாக உரத்து வாசிக்கிறார். துருவலை வருகிற இடத்தில் பின்வரிசையில் சிரிக்கிறார்கள். அடுத்த வரி திரையில் ஏறியது. வாசலில் நின்றவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடவுளே, இதை மாற்றவில்லையே... தொண்ணூற்றைந்தில் யார் வீட்டு வாசலில் யார் நின்றது? ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள், சனம் தானாக வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலம் வரை மழைக்குள் நெரிந்தது, இது இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் சாப்பாட்டோடு ஊட்டின கதை. சேரும் அந்த றோட்டால் நடந்தவர். அவர் குரல் அந்த வரியில் ஒரு கணம் நின்றது, பிறகு ஒன்றும் நடக்காதது போல வாசித்து முடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நதாவும் தட்டினாள்.

மறந்துபோய் விட்ட வரியா அது? இல்லை, பிடித்துப்போய் விட்ட வரி, பதிவிலேயே நல்ல வரி அதுதான், நல்ல வரி என்று வைத்துக்கொண்டான், நின்றவன் யார் என்பதை மட்டும் துடைத்துவிட்டான். பொடியள் என்று எழுதியிருந்தால் ஸ்காபரோ அக்கா அழுதிருப்பாரா? அது தெரிந்துதானே மாற்றினாய், உண்மையைச் சொல், தெரிந்துதானே? தேநீர் நேரத்தில் எல்லாரும் வெளியே போக, அவன் விளங்காத கோட்டை விளங்குகிறவன் போலப் பார்த்துக்கொண்டு கதிரையிலேயே இருந்தான். நதாவும் எழும்பவில்லை. "நல்லா எழுதியிருக்கிறீங்க" என்றாள். அவன் தலையாட்டினான். "உங்கட வீட்டு வாசல்ல நிண்டது ஆர்?" அவள் கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது தப்பியிருக்கலாம், அவளோ எந்த வரியில் பிழை காட்டுகிறது என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். உண்மையாகவே நம்பிக் கேட்கிறாளா, இல்லை, நீயே சொல் என்று இடம் விடுகிறாளா? சொல்லிவிடு, உம்முடைய கதைதான் நதா, மன்னியும் என்று சொல்லிவிடு... "தெரியேல்லை நதா, அம்மாட்டைக் கேக்கோணும்" என்றது அவன் வாய். "கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

இன்னொரு பொய், அதுவும் முகத்துக்கு நேரே, சீ என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தவனுக்கு, உண்மையாகவே கேட்டால் அம்மா என்ன சொல்லுவாள் என்ற எண்ணம் வந்தது. அம்மாவுடைய கதைகள் எல்லாம் தொண்ணூற்றைந்தில்தான் தொடங்கும், பாலம், மழை, கைவிட்டுப் போன ஆடு... தொண்ணூறில் அவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும், கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் டியூசனுக்குப் போய்வந்தவள், சோனகத் தெருவால் போனால் கிட்ட என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் அந்தத் தெருவில் ஒருவருமே இல்லாமல் வீடுகள் திறந்தபடி கிடந்திருக்கும், அடுத்த நாளும் டியூசன் நடந்திருக்கும், அம்மா போயிருப்பாள். அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவனும் இன்றுவரை கேட்டதில்லை.