படிக்கட்டில் மீன் கடை

“உங்க வூட்ல மீன் வாசனை வருமா?”

வீடு பார்க்க வந்த அன்று வீட்டுக்காரம்மா சாமுண்டீஸ்வரி வினிதாவிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். புருஷனுக்கு எங்கே வேலை, விருந்தாளிகள் அடிக்கடி வருவார்களா, சுவரில் ஆணி அடிப்பீர்களா என்று அஸ்தினாபுரத்தில் மற்ற வீட்டுக்காரர்கள் கேட்ட எதையும் அந்த அம்மாள் கேட்கவில்லை. மாடிப்படியின் அடியில் இடுப்பில் கை வைத்து நின்று, இதை மட்டும் கேட்டுவிட்டு வினிதாவின் முகத்தையே பார்த்தாள்.

“வராது ஆன்ட்டி” என்றாள் வினிதா.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. அதற்கு முன் பார்த்த வீடுகளில் எல்லாம் புருஷன் அருண்ராஜ் முந்திக்கொண்டு, நாங்கள் கடற்கரைக்காரர்கள், மீன் இல்லாமல் சோறு இறங்காது என்று மார் நிமிர்த்திச் சொல்லிவிடுவான். போன வேகத்தில் திரும்பி வருவார்கள். இந்த முறை கேட்டைத் திறக்கும்போதே அவன் முழங்கையைக் கிள்ளி வைத்திருந்தாள். வீடு அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மகள் நிஷாவின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். அருண்ராஜ் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனிக்குப் போக, குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் போதும். சின்னவன் உதயாவுக்குத் தூளி கட்டக் கூடத்தில் ஒரு கொக்கிகூட இருந்தது.

சொன்ன சொல்லை வினிதா காப்பாற்றினாள். அந்த வீட்டு அடுப்பில் ஒரு நெத்திலிகூட ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேரும் ஒரே பைக்கில் நெருக்கி உட்கார்ந்து, கானத்தூர்ப் பக்கம் இருக்கும் குப்பத்துக்குப் போவார்கள். அருண்ராஜின் அக்கா குப்பம்மா அங்கே மீன் விற்கிறாள். ஒரு வாரத்துக்கானதை ஒரே வேளையில் சாப்பிட்டுவிட்டு, எலுமிச்சம்பழத் தோலால் கையும் வாயும் தேய்த்து, தலைக்குக் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் மாதிரி மணக்க மணக்கத் திரும்புவார்கள். வாராவாரம் எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று சாமுண்டீஸ்வரி ஒருமுறை விசாரித்தாள். வினிதா சிரித்து மழுப்பினாள்.

பிள்ளைகளைப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. உதயாவுக்கு இரண்டு வயது. அவன் பேசுவது யாருக்கும் புரியாது என்பதால் அவனிடம் பயமில்லை. நிஷாவுக்கு ஐந்து. இந்த வீட்டில் மீன் என்று வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்ததற்கு, நண்டு சொல்லலாமா, இறால் சொல்லலாமா, சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லலாமா என்று ஒரு பகல் முழுக்கத் துளைத்தெடுத்தாள். பள்ளிக்கூடத்தில் மிஸ் பிடித்த காய் எது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, மற்றவர்கள் கேரட், உருளைக்கிழங்கு என்று சொல்ல, இவள் எழுந்து நின்று சங்கரா என்றாளாம். பொரித்தால்தான் நன்றாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னாளாம். சாயங்காலம் வாசலில் இதைச் சொல்லும்போது மிஸ்ஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வினிதாவும் சிரித்தாள். சிரித்தபடியே, தெருவில் வீட்டுக்காரம்மா வருகிறாளா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

இந்த ஆவணியோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித்துத் தருவார்களா, காலி செய்யச் சொல்வார்களா என்று தெரியவில்லை. நேற்று புரோக்கர் சவுரிமுத்து ஒரு புது ஜோடியைக் கூட்டி வந்து, தெருவில் நின்றபடியே மாடியைக் காட்டிப் பேசிவிட்டுப் போனார். இன்று காலையில் துணி காயப்போடும்போது சாமுண்டீஸ்வரி, சாயங்காலம் மேலே வருகிறேன், பேச வேண்டும் என்றாள். அந்த முகத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பவும் வீடு வீடாகப் போய் மூக்கைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் முன்னால் நிற்க வினிதாவால் முடியாது. சாயங்காலம் தரையைத் துடைத்தாள், சாம்பிராணி போட்டாள், வருகிறவளுக்குக் கொடுக்கக் குக்கரில் சுண்டலை வைத்தாள். பிள்ளைகள் இரண்டும் சத்தமே இல்லாமல் இருந்தன. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவளோ சாமி கும்பிட்டு நன்றி சொன்னாள்.

அப்போதுதான் மாடிப்படியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“வாக்கா, வாக்கா. வஞ்சிரம் கீது, கொடுவா கீது. செவுளப் பாத்து எட்து போ.”

குப்பம்மாவே வந்துவிட்டாளோ என்று வினிதா கரண்டியோடு ஓடினாள். வாசல் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால், படி திரும்புகிற இடத்தில் அருண்ராஜின் மழைக்கோட்டு விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் செருப்புகள் வரிசையாகப் படுத்திருந்தன. அருண்ராஜின் ரப்பர் செருப்பு கொடுவா. வினிதாவின் சிவப்புச் செருப்பு சங்கரா. உதயாவின் குட்டி ஷூ நெத்திலி. நடுவில் பெரிதாக, மழமழவென்று ஒரு ஜோடித் தோல் செருப்பு. அது சாமுண்டீஸ்வரியின் புருஷன் சுப்பராயலுவுடையது. புதுசு. நிஷா சீப்பால் அதற்குச் செதில் தேய்த்து, வாடாமல் இருக்கக் குவளையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். உதயாவுக்குப் பூனை வேலை. அவன் நெத்திலி ஒன்றைக் கவ்விக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

வினிதா கால் எடுத்து வைப்பதற்குள், கீழே சுப்பராயலு என் செருப்பு எங்கே என்று கத்துவதும், சாமுண்டீஸ்வரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவதும் ஒன்றாக நடந்தன. வினிதா திரைச்சீலைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

“யக்கா, வா. பாத்துட்டுப் போ. வாங்காட்டியும் பரவால்ல” என்றாள் நிஷா.

அறுபது வயதில் ஒரு பொடிப்பெண் யக்கா என்று கூப்பிட்டதில் சாமுண்டீஸ்வரி அப்படியே நின்றாள். பிறகு புருஷனின் செருப்பு சொட்டச் சொட்ட நனைந்து கிடப்பதைப் பார்த்தாள்.

“இது இன்னாடி?”

“வஞ்சிரம்கா. இப்பதான் கடல்லேர்ந்து போட்டு வந்துச்சு.” நிஷா செருப்பின் வாரைத் தூக்கி, உள்ளே தைத்திருந்த சிவப்புத் துணியைக் காட்டினாள். “செவுளு பாரு, ரத்தமாட்டம் கீது.”

இதோ வெடிக்கப்போகிறது என்று வினிதா கண்ணை இறுக்க மூடினாள். சத்தம் ஒன்றும் வரவில்லை. திறந்து பார்த்தபோது சாமுண்டீஸ்வரி படியில் உட்கார்ந்திருந்தாள். தானே வாரைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் செருப்பின் நடுவில் அமுக்கினாள்.

“அமுக்கினா குழி வுழுது. நேத்து மீனு” என்றாள்.

தன் கடையில் நேற்று மீன் விற்பதே இல்லை என்று நிஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. விலை இருபதாயிரம் என்றாள். சாமுண்டீஸ்வரி வாயைப் பிதுக்கினாள். பிறகு கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

“விரால் கீதா?”

“அது ஏரி மீனு. நாங்க விக்க மாட்டோம். மண்ணு வாசன அடிக்கும்னு எங்க அத்த சொல்லும்.”

“யார்றி உங்க அத்த?” சாமுண்டீஸ்வரிக்குச் சுருக்கென்றது. “விராலுக்கா மண்ணு வாசன? கழுவத் தெரியாதவ பேசற பேச்சு. கல்லுப்பும் புளியும் வெச்சு கல்லுல போட்டுத் தேய்க்கணும். கண்ணாடி மாதிரி ஆயிடும். மாங்கா போட்டுக் கொழம்பு வெச்சா, மறுநா காலைல சட்டிய வழிக்கறதுக்கு எங்க வூட்ல அண்ணன் தம்பிங்க அடிச்சிக்குவாங்க.”

வினிதா திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். இந்த அம்மாள் பிறந்ததிலிருந்தே சைவம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“அப்ப ஏன் நீ வாங்கறதே இல்ல?” என்று கேட்டாள் நிஷா.

சாமுண்டீஸ்வரி வஞ்சிரத்தின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“சாருக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணப்ப, பெருமாளுக்கு வேண்டிக்கினேன். மீன கேட்டுக்கு உள்ளயே சேக்க மாட்டேன்னு. பொழச்சி எழுந்துட்டாரு. உசுரு அவுருது, வாய் என்னுது. இன்னா பண்றது. வாசன வந்தா என்னால தாங்க முடியாதுடி.”

நிஷாவுக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் முகம் வாடினால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குப்பம்மாவிடம் பார்த்திருக்கிறாள். கொசுறு போட வேண்டும். மூலையில் இருந்த பூனையின் வாயிலிருந்து நெத்திலியைப் பிடுங்கினாள். பூனை விடவில்லை. இழுத்த இழுப்பில் இரண்டும் மழைக்கோட்டின் மேல் உருண்டு கொடுவாவைப் படியில் தள்ளிவிட்டன. கடைசியில் எச்சில் ஒழுகும் ஷூவை நிஷா இரண்டு கையாலும் நீட்டினாள். சாமுண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

உள்ளே குக்கர் விசிலடித்தது. சாமுண்டீஸ்வரி தலை நிமிர்ந்தாள். திரைச்சீலை இடுக்கில் வினிதா நிற்பது அவள் கண்ணில் பட்டது.

இனி ஒளிந்து பயனில்லை என்று வினிதா வெளியே வந்தாள். செருப்பைத் துடைத்துக் காயவைத்துத் தருகிறேன், பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது என்று ஏதேதோ குழறினாள். சாமுண்டீஸ்வரியின் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கி, பழைய வீட்டுக்காரம்மா முகம் திரும்பி வந்தது. அவள் நிஷாவின் பக்கம் திரும்பினாள்.

“விரால் இப்ப வராது. தை மாசி ஆவணும். ஏரில தண்ணி வத்தறப்பதான் நல்லதா மாட்டும். அது வரிக்கும் கடைய இங்கியே போடு. வேற தெருவுக்கு எட்துனு போயிடாத.”

நிஷா சரிக்கா என்றாள். வினிதாவுக்குத்தான் அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆவணிக்குப் பிறகு நாலு மாதம் தாண்டித்தான் தை வரும். அவள் கையிலிருந்த கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சாமு, செருப்பு கெடச்சுதா இல்லியா? மேல இன்னா பேச்சு?” என்று சுப்பராயலு கீழிருந்து கேட்டார்.

நிஷா பழைய பேப்பரில் வஞ்சிரத்தை இறுக்கிச் சுருட்டி, கொசுறையும் உள்ளே வைத்துக் கொடுத்தாள். சாமுண்டீஸ்வரி அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கி, மேலே முந்தானையை இழுத்து மூடினாள். பேப்பரிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் புடவையில் இறங்கியது. ஆன்ட்டி, சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள் வினிதா. அவள் ஒருமுறை வினிதாவைப் பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.