ஐந்து என்று எழுதிய பதினெட்டு நாட்கள்

வியாழன், அக்டோபர் 9. மாலை ஐந்தே கால்.

ஒரு சிறு பிழையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செப்டம்பர் 19 காலை அப்பா ‘அஞ்சரை’ என்றார். நான் நோட்டில் ‘5’ என்று எழுதினேன். அன்றைக்கு வேறு எதுவும் நடக்கவில்லை. யாரும் கத்தவில்லை, எதுவும் உடையவில்லை. பேனாவை மூடிவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். ஆனால் நேற்று மாலை வகுப்பில் நான் வாசித்த பிரதியில் அந்த வரி இல்லை. அதனால் இன்று திரும்ப எழுதுகிறேன். நேற்றைய பிரதியிலிருந்து அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

1.

திங்கள், புதன் மாலைகளில் கதை எழுதும் வகுப்புக்குப் போகிறேன். பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் அறை. நாங்கள் ஒன்பது பேர் பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே முழங்காலைத் திணித்துக்கொண்டு உட்காருவோம். ‘வீட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பொருளைப் பற்றி எழுதுங்கள்’ என்றார் ஆசிரியை. எங்கள் வீட்டுக்குச் செப்டம்பர் 8 அன்று ஒரு டீசல் கார் வந்திருந்தது. அக்காவின் கார். அக்டோபர் 13 முதல் அவளுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வேலை. அதுவரை கம்பெனி பஸ். அதுவரை காரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்பாவுக்கு.

தொடக்கம் ஒன்று: ‘சாம்பல் நிறக் கார் வாசலில் வந்து நின்றதும் தெருவே—’

(தெரு ஒன்றும் செய்யவில்லை. எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை ஓரமாக நகர்த்தினார்.)

தொடக்கம் இரண்டு: ‘அந்த வயதான மெக்கானிக்குக் கண் பார்வை—’

(அப்பா மெக்கானிக் இல்லை. கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வரியை ஏன் எழுதினேன் என்று பிறகு சொல்கிறேன்.)

2.

அப்பா முப்பத்தோரு வருடம் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அளவு பார்ப்பவராக இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டிகளின் நீர்மட்டம், அழுத்தம், மருந்தின் அளவு. அங்கே ஒரு முறை உண்டு. ஒருவர் அளவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். பார்ப்பவர் முந்தைய எண்ணைத் தெரிந்துவைத்திருக்கக் கூடாது. தெரிந்தால் கண் அந்தப் பக்கமாகச் சாயுமாம். முந்தையதோடு ஒப்பிட்டு, ஏதோ சரியில்லை என்று குரல் கொடுக்க வேண்டியவர் எழுதுபவர்தான்.

“பாக்குறவன் சொன்னதும் மறந்துடணும்மா. மறக்கத் தெரியாதவன் இந்த வேலைக்கு லாயக்கில்ல” என்பார்.

கார் வந்த மறுநாள் காலையே நாற்பது பக்க நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்.

“முதல் ஆயிரம் கிலோமீட்டர் வண்டி பழகுற காலம். நான் பாக்குறேன், நீ எழுது.”

“ஏன், நான் பார்த்து நீங்க எழுதுங்களேன்.”

“நீ பாத்தா சாயங்காலம் வரைக்கும் பாப்ப.”

அக்கா பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே, “சரியான ஆளத்தான் புடிச்சீங்க. ஸ்கேலு, உனக்குன்னே செஞ்ச வேலைடி இது” என்றாள். (ஸ்கேல் என்பது நான். பள்ளிக்கூட நோட்டில் கோடு போடாமல் தேதிகூட எழுதாததால் வந்த பெயர்.)

3.

சமதளத்தில் நிற்கும் குளிர்ந்த இஞ்சின். பானெட்டைத் திறந்து ஆயில் கம்பியை உருவித் துணியால் துடைக்க வேண்டும். திரும்பச் செருகி உருவ வேண்டும். கம்பியின் முனையில் இரண்டு குறிகள். கீழே குறைந்தபட்சம், மேலே அதிகபட்சம். நடுவிலுள்ள இடத்தை அப்பா மனதால் பத்தாகப் பிரித்துக்கொண்டார். செப்டம்பர் 9: ஐந்து. பத்து நாளும் ஐந்து. அவர் குரல் காலையில் ஒரு ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வரும். நான் எழுதுவேன்.

பிறகு இஞ்சினைப் பதினைந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவார், சூடாகட்டும் என்று. பிறகு பாலம் வரை போய்த் திரும்புவார், இரண்டு கிலோமீட்டர். மதியம் கடை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்து அக்காவைக் கூட்டிவருவார். நாற்பதைத் தாண்டவே மாட்டார்.

“சைக்கிள்ல போறவன் நம்மளத் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறான்பா” என்பாள் அக்கா.

“அவன் சைக்கிள் பழசு. பழகிடுச்சு” என்பார் அப்பா.

4.

செப்டம்பர் 19: அஞ்சரை.

நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கும் ஐந்தரை போலத்தான் தெரிந்தது. ஆயில் குறையலாம், எரியலாம், ஒழுகலாம். எப்படிக் கூடும்? யாரும் ஊற்றவில்லை. ஆகவே அப்பா கண்ணில் கோளாறு. எனக்கும் அப்படித் தெரிகிறதே என்றால், அவர் சொன்னதைக் கேட்டு என் கண் சாய்ந்துவிட்டது. இப்படித்தான் யோசித்தேன். ‘5’ என்று எழுதினேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் என் சொந்த டைரியில் ‘அப்பா இன்று அஞ்சரை என்றார். கண்ணாடி மாற்ற வேண்டுமோ?’ என்று குறித்தேன்.

அப்புறம் ஆறு. ஆறரை. ஏழு. ஏழரை. அவர் சொன்ன எண் தினமும் என் டைரிக்குப் போனது, நோட்டுக்கு ‘5’.

இந்த இடத்தில் வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: ஏழரை வந்தபோதாவது எழுதியிருக்கலாமே? எழுதியிருக்கலாம். ஆனால் நேற்று ஐந்து என்று எழுதியவள் இன்று ஏழரை என்று எப்படி எழுதுவாள்? ஒவ்வொரு நாளும் முந்தின நாளின் ஐந்துக்குக் காவல் நின்றேன். அக்டோபர் 6 காலையில் அப்பா, “பத்தத் தாண்டிடுச்சு” என்றார். கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு மறந்தும்விட்டார். ‘5’.

அன்று பதினோரு மணிக்குப் பாலத்திலிருந்து திரும்பும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

5.

சர்வீஸ் சென்டர். அக்கா அரை நாள் லீவு போட்டு வந்துவிட்டாள். வரவேற்பில் இருந்த பெண் கம்பியை உருவிப் பார்த்தார்.

“சார், இதுல ஆயில் ஊத்துனது யாரு?”

“யாரும் ஊத்தலம்மா.”

“ஊத்தாம ஏறுமா சார்? தானா சுரக்குமா?”

அப்பா சிரித்தார். நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த முகம். “தினம் அளவு எடுத்திருக்கோம். பாருங்க.”

அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டினார். “எல்லாமே அஞ்சு. இன்னைக்குக் காலையிலயும் அஞ்சு. அப்போ இன்னைக்கு அளவு எடுத்த அப்புறம் ஊத்தியிருக்கீங்க.”

“அப்பா?” என்றாள் அக்கா. “கேட் கீலுக்கு விடறதுக்கு ஒரு ஆயில் டப்பா வச்சிருந்தீங்களே. அதுல எவ்வளவு இருந்துச்சு?”

“அது... பாதி இருக்கும். நான் வண்டிக்கு ஊத்தலையே...” நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலால் வரிவரியாக இறங்கினார். “அஞ்சுன்னுதான் இருக்கு.”

டீசல் மெக்கானிக் லீவில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தால் பார்ப்பார், வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றார் அந்தப் பெண்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் அஞ்சுன்னுதான சொன்னேன்?”

“ஆமாப்பா.”

(இந்த இரண்டு வரிகளை நேற்றுவரை எந்தப் பிரதியிலும் எழுதவில்லை.)

6.

செவ்வாய்க்கிழமை அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அப்பாவின் கையெழுத்து.

‘6.40 அடுப்பை அணைத்தேன்.
6.55 அணைத்திருப்பதைப் பார்த்தேன்.
7.10 மறுபடி பார்த்தேன்.’

அக்கா அதை வாசித்துவிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“பயமா இருக்குடி. ஊத்தினது தப்பில்ல. ஊத்தினதே ஞாபகம் இல்லங்கறாரு. நான் திங்கக்கிழமை போயிடுவேன். நீ வகுப்பு, வேலைன்னு வெளிய இருப்ப. தனியா எப்படி விடுறது? டாக்டர்கிட்ட பேசி நேரம் வாங்கிட்டேன். அதுவரைக்கும் சாவி எதுவும் அவர் கையில குடுக்காத. பெட்ரூம் தாழ்ப்பாளக்கூட எடுத்துடலாமான்னு பாக்குறேன்.”

“அவ்வளவு எல்லாம் இல்லக்கா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

7.

எனக்கு எப்படித் தெரியும் என்பதற்குப் பதில் சொல்வதைவிட அதைக் கதையாக்குவது சுலபமாக இருந்தது. அதனால்தான் தொடக்கம் இரண்டு. அப்பாவைக் கண் மங்கிய மெக்கானிக்காக மாற்றினேன். அக்காவை முதலாளியாக்கினேன். காருக்குப் பதில் வேன். என்னை எடுத்துவிட்டேன்.

நேற்று வகுப்பில் வாசித்தேன். எல்லோரும் பாவம் அந்த மெக்கானிக் என்றார்கள். ஆசிரியை ‘நெகிழ்ச்சி’ என்று ஓரத்தில் எழுதினார். கடைசி பெஞ்சில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் மட்டும் கையைத் தூக்கினார். அவர் கைக்கடிகாரப் பட்டையில் எப்போதும் மாவு இருக்கும்.

“ஒரு சந்தேகம்மா. பெரியவர் நம்பரச் சொல்றாரு. எழுதுறது யாரு?”

“அந்தப் பாத்திரம் கதைக்குத் தேவைப்படல சார்.”

“அது எப்படி? எங்க கடையில ஒருத்தன் மாவு எடையச் சொல்வான், ஒருத்தன் எழுதுவான். ரொட்டி கல்லு மாதிரி வந்தா நான் ரெண்டு பேரையும்தான் கூப்பிடுவேன். உங்க கதையில ஒருத்தரத்தான் கூப்பிட்டிருக்கீங்க.”

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வரை நடந்தே வந்தேன்.

8.

இன்று மதியம் காரின் கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அப்பா அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். 84ஆம் பக்கம், சிறிய எழுத்து.

டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலுத்தி, வெப்பத்தை ஏற்றி, வண்டி தானாகவே அதை எரித்துக்கொள்ளும். அதற்கு இருபது நிமிடமாவது வேகமாக ஓட வேண்டும். பாதியில் இஞ்சினை அணைத்தால் எரிப்பது நின்றுபோகும். எரியாத டீசல் கீழே வடிந்து ஆயிலோடு கலக்கும். பாலம் வரை, கடை வரை, பஸ் நிறுத்தம் வரை என்று தினமும் இதுவே நடந்தால்—

ஆயில் ஏறும்!*

* ஆச்சரியக்குறியை நீக்கலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை, வியப்பு. ஏறாது என்று நான் முடிவு கட்டிய ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. ஒருவர் தினமும் அதைச் சரியாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணைப் போல ஒரு கண் அந்த சர்வீஸ் சென்டரிலேயே இருக்காது.

இரண்டாவதாகத்தான் மற்றது வந்தது. செப்டம்பர் 19 அன்றே நான் ஐந்தரை என்று எழுதி, ‘அப்பா, இது ஏறுதே’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே கையேட்டை எடுத்திருப்பார்.

9.

முடிவுகள்.

அ. வெள்ளிக்கிழமை மெக்கானிக் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து, “இதுல டீசல் கலந்திருக்கு. யாரும் ஊத்தல. ஆயில மாத்திட்டு ஹைவேல ஒரு ஓட்டம் விடுங்க, சரியாயிடும்” என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. சுபம்.

(இது பெரும்பாலும் நடக்கும். ஆனால் இதில் ஓட்டை இருக்கிறது. அப்பா ஊற்றவில்லை என்றுதான் ஆகும். ஆயில் பத்தைத் தாண்டியிருந்த காலையில் அவர் ‘அஞ்சு’ என்று சொன்னதாகவே நோட்டில் நிற்கும். அப்படியென்றால் முப்பத்தோரு வருடக் கண் போய்விட்டது என்று அவர் முடிவு செய்வார். அடுப்புக் காகிதம் இன்னும் நீளும்.)

ஆ. அப்பா தற்செயலாக என் டைரியைத் திறக்கிறார். அதில் பதினெட்டு நாளின் சரியான எண்களும்—

(அப்பா அடுத்தவர் நோட்டைத் திறக்கமாட்டார்.)

இ. நான் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அக்கா என் தலையில் குட்டுகிறாள்.

(இதை எழுதும்போது கையெழுத்து ரொம்ப அழகாக வந்தது. அதனாலேயே நம்பவில்லை.)

மூன்றிலும் ஒரு பொதுக்குணம் தெரிகிறது. முதலிரண்டில் எனக்குப் பதிலாக வேறு யாரோ பேசுகிறார்கள். மூன்றாவதில் நான் என்ன சொன்னேன் என்றே எழுதவில்லை.

10.

ஆறு மணிக்கு அப்பா உள்ளே வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னம்மா, கதையா?”

“ஆமாப்பா. நம்ம கார் பத்தி.”

“நான் இருக்கேனா அதுல?”

“இருக்கீங்க.”

“தலையில முடி இருக்கா?”

“கொஞ்சம்.”

“இன்னும் கொஞ்சம் சேத்துப் போடு. கதைதான?” பிறகு மேசையில் இல்லாத ஒரு தூசியைத் துடைத்தார். “மத்ததெல்லாம் சரியா எழுது. எனக்கு இப்போ நிச்சயமா சொல்ல முடியல. நீ எழுதியிருக்கறதுதான் கணக்கு.”

“அப்பா” என்று தொடங்கினேன். “டீ வேணுமா?” என்று முடித்தேன்.

அவர் அடுப்படியில் நின்று நான் பாத்திரம் வைப்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்ததும் காகிதத்தில் நேரம் குறித்தார்.

11.

இந்தக் கதைக்கு முடிவு எழுதப்போவதில்லை. என்னால் எழுதமுடிந்த முடிவுகளை மேலே பார்த்துவிட்டீர்கள். அப்பா என்ன சொல்வார், அக்கா முகம் எப்படி மாறும், டாக்டரிடம் வாங்கிய நேரம் ரத்தாகுமா என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: யாரையும் அவசரப்பட்டு மன்னிக்க வைக்காதீர்கள்.

நாளைக்கான வேலை: காலை எட்டு மணி. சர்வீஸுக்குக் கிளம்பும் முன், அக்கா கைப்பையை எடுப்பதற்குள், அப்பாவையும் அவளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து டைரியைத் திறந்து பதினெட்டு எண்களையும் சத்தமாக வாசிக்க வேண்டும். முதலில் சொல்ல வேண்டிய வரி: “அப்பா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் மாத்தி எழுதினேன்.”