ஹெல்மெட்டுக்கு அடியில் அடங்கும் ஹூட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடை, குளிருக்கு உடம்போடு ஒட்டிப் போடுகிற, தலையையும் காதையும் மூட ஹூட் வைத்த உள்சட்டையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னது. உட்கார்ந்தேன். முதல் வரி வந்தது:

பருத்தி பக்கமே போகாதீர்கள். வேர்வையைக் குடித்துவிட்டு, நீங்கள் ஏறி நின்றதும் முதுகில்

அதோடு பேனா நின்றுவிட்டது. இன்னொன்று:

ஹூட், ஹெல்மெட்டுக்கு அடியில் மடிப்பு விழாமல் அடங்க வேண்டும். காதை

காது என்று எழுதியதும் ஒரு தையல்காரி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டாள். போகச் சொன்னேன், போகவில்லை. சண்டை போட எனக்கும் தெம்பில்லை. சரி, இருந்து தொலை என்று விட்டுவிட்டேன்.

2

தையல்காரிக்கு ஐம்பது வயது. திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிறவள். [முதலில் இவளை டீச்சர் ஆக்கியிருந்தேன். சட்டையைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற டீச்சர் எங்கே இருக்கிறாள்? அடித்துவிட்டேன்.] கணவர் பஸ் டிரைவர். அவர் கிளம்பும்போது அவள் தூங்குவாள், அவள் திரும்பும்போது அவர் தூங்குவார். வாரம் முழுக்க ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டின சீட்டிலேதான் குடித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருமாகப் பனி உறைந்த பாறை ஏறப் போவார்கள். அவர் மேலே, அவள் கீழே அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. இருபத்தோரு வருஷமாக இப்படித்தான். 'கயிறு' என்று அவர் கத்தினால் தளர்த்த வேண்டும். 'இறுக்கு' என்றால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர்கள் கல்யாணத்தில் மிச்சமிருந்த பேச்சே இந்த இரண்டு சொல்தான் என்று எழுதினேன். ரொம்ப அழகாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்தது. அடிக்கவும் மனசில்லை, கிடக்கட்டும்.

போன மாதம் அவர் 'இறுக்கு' என்று கத்தினார். அவள் இறுக்கவில்லை. அவர் ஆறடி சறுக்கியதில் விலா கன்றிப்போனது.

“உன்னோட அந்தத் தடி ஹூட்டுதான் காரணம்,” என்றார் டிரைவர், வீட்டில் ஐஸ் பையை விலாவில் வைத்துக்கொண்டு. “காதை அடைச்சுக்குது. மெல்லிசா ஒண்ணு வாங்கு.”

“ஆமாங்க. அதாத்தான் இருக்கும்.”

இந்த 'ஆமாங்க'தான் கதை. பாவம், ஹூட் ஒரு தப்பும் செய்யவில்லை. அவள் இடது காது இரண்டு வருஷமாக மந்தம். கொஞ்சம் காற்று இரைந்தாலும் வலது காதும் இப்போதெல்லாம் கைவிட்டுவிடுகிறது. அவரிடம் சொல்லவில்லை.

3

கடை. விற்பனையாளனுக்கு நாற்பது வயது, முதுகுவலி, வாய் ஓயாது. மூன்று சட்டைகளை மேஜையில் பரப்பினான். தையல்காரி ஒன்றின் உள்பக்கத்தைப் புரட்டி விரலால் தடவினாள்.

“உச்சந்தலையில தையல் ஓடுது பாருங்க. மேல ஹெல்மெட் அழுத்தினா மண்டை விண்ணு விண்ணுனு தெறிக்கும்.”

இரண்டாவதைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கினாள். சட்டை இடுப்பை விட்டு ஏறிக்கொண்டது. “இது பாறையில வயித்துக்குப் பனி ஊட்டும்.” மூன்றாவது மெரினோ கம்பளி. கை நீளம், கட்டைவிரல் நுழைக்க ஓட்டை, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய ஹூட்.

“நான் எதுக்குக்கா இங்க நிக்கறேன்? நீங்களே கடையை எடுத்து நடத்துங்க,” என்றான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஹூட்டை இழுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் நின்று பேசுவார்கள். கேட்டால் சட்டை பாஸ்.* அந்த மூன்றாவதைப் போட்டுக்கொண்ட அவளுக்கு ஹெல்மெட்டை மாட்டி, அவன் பின்னால் நின்று, “கயிறு,” என்றான்.

“கேக்குது.”

“இறுக்கு.”

“கேக்குது.”

* இரண்டடி தூரத்துச் சோதனை. பாறையில் நாற்பதடி. இதை நான் எழுதித் தருகிற பக்கத்தில் போட மாட்டார்கள்.

அப்புறம்தான் எதிரே கண்ணாடி இருப்பதைக் கவனித்தான். அவள் கண் கண்ணாடியில் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினான். ஹூட்டையும் பின்னால் தள்ளினான். ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு இடப்பக்கம், கண்ணாடியில் தெரியாத இடமாக நின்று, “உங்க ஊட்டுக்காரர் என்ன வேலைக்கா?” என்றான். அவள் எதிரே தொங்கிய கையுறைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் சத்தமாகக் கேட்டான். அப்போதும் கையுறையையே பார்த்தாள்.

முன்னால் வந்தான். “அக்கா, கோளாறு ஹூட்டுல இல்ல.”

“தெரியும்ப்பா.”

“அவருக்கு?”

“சொன்னா வேற ஆளைக் கயிறு பிடிக்கக் கூட்டிட்டுப் போவாரு. எனக்கு இருக்கறதே அந்த ஒரு நாள்தான்.” பர்ஸைத் திறந்தாள். “பில் போடு.”

போட்டான்.

4

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அவள் சொல்லிவிடுகிறாள். “இதைச் சொல்ல உனக்கு ரெண்டு வருஷமா?” என்று கடிந்துகொண்டு, இனிமேல் கயிற்றை மூன்று தடவை சுண்டினால் 'இறுக்கு' என்று டிரைவர் புதுப் பாஷை உண்டாக்குகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சறுக்குகிற மனுஷன் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டா சுண்டுவான்?

அல்லது, டிரைவருக்கு முன்பே எல்லாம் தெரியும். அவள் மனசு நோகக் கூடாதென்றுதான் ஹூட்டின்மேல் பழியைப் போட்டார். இதை எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. அப்புறம் யோசித்தேன். தெரிந்த மனுஷன் மறுபடி அதே கயிற்றில் போய்த் தொங்குவாரா? தொங்குவார் என்பவர்கள் கல்யாணம் ஆகாதவர்கள்.

மூன்றாவதில் அவர் மேலேயிருந்து கத்துகிறார், அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு

மாட்டேன்.

5

களைப்பாக இருக்கிறது. மறைத்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். பக்கம் எழுதச் சொன்னது இதே கடைதான். “நீதான் கதை கிதை எழுதுவியே, இதையும் எழுது,” என்றார் முதலாளி. அந்த விற்பனையாளன் நான்தான். அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டு பில் போட்டவன் நான். வெட்கமாக இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. மத்தியானம் ஒருவர் விலாவைக் கையால் தாங்கியபடி வந்தார். பஸ் கம்பெனிச் சட்டை.

“தம்பி, போன வாரம் என் வீட்டுக்காரி இங்கதான் மெல்லிசா ஒண்ணு வாங்கினா. அதே மாதிரி எனக்கும் குடுங்க. நாளைக்கு ரெண்டு பேரும் ஏறப் போறோம்.”

எடுத்து வைத்தேன். அவர் ஹூட்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுல இப்ப அவளுக்கு நல்லாக் கேக்குமில்ல, தம்பி?”

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறார். சொன்னால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கியவன் நான். சொல்லாவிட்டால் அந்த மூன்றாவது முடிவை எழுதினவனும் நான்தான். கை அது பாட்டுக்குச் சட்டையை மடித்துக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவன் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். என்னால் முடியவில்லை. இந்த ஒரு தடவை, படிக்கிற நீங்கள் கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். ஹீட்டர் இரைகிறது, சொல்வதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

“தம்பி, நான் கேட்டது காதுல விழுந்துச்சா?” என்கிறார் டிரைவர்.