மூன்றாவது வரி

…நீச்சல் வளையம் மட்டும் வாங்கினால் போதாது, பிள்ளை கையைத் தூக்கினால் வளையத்துக்குள்ளால் வழுக்கி இறங்கிவிடும், கையில் மாட்டுகிற காற்றுப் பைகளும் வேண்டும், பதினெட்டாவதாக அதை எழுதிக்கொள்ளலாம், பதினேழு சுடுதண்ணீர்ப் போத்தல், பதினாறு காய்ச்சல் பாணி, பதினைந்து தொப்பி… தொப்பியை அவள் கழற்றி எறிந்துவிடுவாளே, நாடா வைத்த தொப்பியென்று திருத்த வேண்டும். கனகசபாபதி மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பதினைந்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'நாடாவுடன்' என்று எழுதினார். முப்பத்தாறு வருடம் காணிக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்து, தலைமை இலிகிதராக இளைப்பாறியவர், ஒரு பட்டியலில் வெட்டுக்கொத்து இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. நாளை சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாடகை வான் வரும், ஹங்வெல்லைப் பக்கத்து நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்கிறார்கள், வழியில் மறித்துச் சோதிக்கிற இடங்கள் எத்தனையோ அத்தனை கால் மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்றடிக்குக் குறைந்த பிள்ளைகளுக்கென்று முழங்கால் அளவுக் குளம் ஒன்று, யானைத் தும்பிக்கையில் தண்ணீர் கொட்டும், குட்டி ரயிலும் உண்டு. நேற்றுத்தான் பேத்தி கயலினியைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி அளந்தார், இரண்டடி பத்தங்குலம், இரண்டு வயதும் நாலு மாதமும், அவளானால் அளவுகோலைப் பிடுங்கி அவருடைய முழங்காலை அளந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து இந்தத் தொடர்மாடியையும் கடற்கரைத் தண்டவாளத்தையும் தவிர என்னத்தைக் கண்டது, ஒருநாள் தங்கி வருவோம் என்று மகன் நகுலேசன் சொன்னபோது, இந்தச் சண்டைக் காலத்திலா, என்று முதலில் சீறியவரும் இவர்தான், மறுநாள் புதிய கொப்பியில் கோடு போட்டுப் பட்டியல் தொடங்கியவரும் இவர்தான். எல்லாம் ஒழுங்கு. அந்த ஒன்றைத் தவிர எல்லாம் ஒழுங்கு.

அந்த ஒன்று பட்டியலில் இல்லை. காலையில் அவள், பிள்ளையின் தாய், வந்து கதவோரம் நின்று கேட்டாள். மாமா, அந்தப் பொலிஸ் பதிவுத் தாள் ஒரு கொப்பி வேணும்ங்க, தங்குற இடத்துல கேட்டாங்க, வெள்ளவத்தையில இருந்து வர்றோம்னு சொன்னதும் அங்க ஸ்டேசன்ல குடுக்கணுமாம். சரி, தேடி வைக்கிறன், என்று பேப்பரைப் பார்த்தபடியே சொன்னார். தேட என்ன இருக்கிறது? அலுமாரியின் இரண்டாவது தட்டில், நீல நாடா கட்டிய கோப்பில், மேலிருந்து மூன்றாவது தாள். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். போட்டோக் கொப்பிக் கடைக்காரன் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவான், இப்போது நாலே கால், பல்கனியில் கயலினி பிளாஸ்டிக் பேசினுக்குள் உட்கார்ந்து தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கிறாள், நாளைக்குப் பழகுகிறாளாம், அவள் பக்கத்தில் குந்தியிருந்து கோப்பையால் வார்க்கிறாள்… அவள், அவள். மூன்று வருடமாக அவர் தன் வாயால் அந்தப் பெண்ணை வேறெப்படியும் அழைத்ததில்லை. நேரே ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் பிள்ளையைத் தூதாக்குவார், கொம்மாவிட்டைச் சொல்லு தேத்தண்ணிக்குச் சீனி கூட எண்டு, பிள்ளை பேசத் தொடங்குவதற்கு முன்னும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடிதான் சொல்வார். பெயரைச் சொல்லலாம் என்றால் பெயர் ராக்கம்மா. மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, கொழும்பில் தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறவள், படிப்பில் குறைவில்லை, நடத்தையில் ஒரு சொல் சொல்ல முடியாது, ஆனால் ராக்கம்மா… சாவகச்சேரியில் தகப்பன் வழி நாலு தலைமுறை, எந்தக் கலியாணக் கடிதத்திலும் இப்படியொரு பெயர் அச்சேறியதுண்டா? அச்சடிக்கவும் இல்லை. கொள்ளுப்பிட்டியில் பதிவுக் கந்தோர், இரண்டு சாட்சிகள், ஒரு வாடகைக் கார், நகுலேசனும் அவளும் நேரே வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மனைவி அன்னபாக்கியம் இருந்திருந்தால் ஆலத்தி எடுத்திருப்பாள், அவள் எதற்கும் ஆலத்தி எடுக்கக்கூடியவள், அவள் போய் ஐந்து வருடம்.

அவர்கள் வந்து நின்ற அந்தக் கிழமைதான் படிவம் வந்தது, அதுதான் வினை. தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, குடும்பத் தலைவருக்கு உறவுமுறை. தொடர்மாடிச் சங்கச் செயலாளர் முத்துலிங்கம் வீடு வீடாகக் கொடுத்து, வீடு வீடாக வாங்கி, ஒவ்வொன்றையும் வாசித்துக் கையெழுத்து வைத்துத்தான் ஸ்டேசனுக்குக் கொண்டுபோவான். முத்துலிங்கம் ஊர்க்காரன், அவன் மனைவியின் சகோதரிகள் ரொறொன்ரோவில் இரண்டு பேர், லண்டனில் ஒருத்தி, அவன் வாசித்தால் ஊர் வாசித்த மாதிரி. முதல் வரி, கனகசபாபதி, குடும்பத் தலைவர். இரண்டாவது வரி, நகுலேசன், மகன். மூன்றாவது வரியில் பெயரை எழுதினார், இலக்கத்தை எழுதினார், மஸ்கெலியா முகவரியை எழுதினார், கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது… எவ்வளவு நேரம் நின்றது? ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் இருக்கும். அந்தப் பெயரும் அந்தத் தோட்டத்து முகவரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது, வெள்ளவத்தையில் எந்த வீட்டுப் படிவத்திலும் அடுத்த கட்டத்தில் என்ன இருக்குமோ, அதையே அவருடைய கை எழுதியது. வீட்டு வேலை. அழகான எழுத்து, வெட்டில்லை, கொத்தில்லை. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அடுத்த வருடம் பிள்ளை பிறந்ததும் நாலாவது வரி சேர்ந்தது, கயலினி, பேத்தி. அந்தத் தாளின்படி பிள்ளைக்கு அப்பப்பா உண்டு, தகப்பன் உண்டு. தாய் இல்லை. இதை அவர் அப்போது கவனித்தாரா? கவனித்தார் என்றுதான் நினைக்கிறார். மகனுக்குத் தெரியாது, அவன் எந்தக் கடதாசியையும் வாசிக்கிற பிறவியில்லை, அதெல்லாம் அப்பா பார்ப்பார் என்று விட்டுவிடுவான்.

தாள் தொலைந்துவிட்டது என்றால்? இந்த வீட்டில் கடதாசி தொலைந்தது என்று அவர் சொன்னால் சுவரும் நம்பாது. பயணத்தை நிறுத்தினால்? வீதி நிலைமை சரியில்லை, நேற்றும் எங்கோ பஸ்ஸில் குண்டாம், ஒரு சொல் போதும், நகுலேசன் மறுக்க மாட்டான்… ஆனால் பேசினுக்குள் இருக்கிறவள் காலையிலிருந்து தண்ணி வீடு, தண்ணி வீடு என்று பாடுகிறாளே. நகுலேசன் வேறு நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான், வழியிலை மறிச்சால் ராக்கு கதைப்பா அப்பா, அவவின்ரை சிங்களத்தைக் கேட்டால் ஒருத்தரும் ரண்டாந்தரம் கேக்கமாட்டினம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். உண்மைதான், இந்த வீட்டிலேயே நல்ல சிங்களம் அவளுடையது. அவள் வானின் முன் சீற்றில் இருந்து கதைப்பாள், கையில் இந்தத் தாள் இருக்கும். விவாகப் பதிவுச் சான்றிதழைக் கூடக் கொண்டுபோகலாம், கொண்டுபோனால் இரண்டில் ஒன்று பொய்யென்று ஆகும், பொய்த் தாளோடு பிடிபட்டால் உள்ளே கொண்டுபோவது அவரையா? மகனைத்தான். அந்த ஒரு சொல்லின் மேல் மெல்ல வெட்டி… முத்திரை குத்திய தாளில் வெட்டுவதா, கனகசபாபதியா? வெட்கம் காதுவரை ஏறியது, பொய்யை எழுதியபோது ஏறாத வெட்கம் அதை வெட்ட நினைக்கும்போது ஏறுகிறதே என்று ஒரு கணம் தோன்றி, அதை நின்று பார்க்க விரும்பாமல், பத்தொன்பது, துவாய் இரண்டு, என்று எழுதினார்.

நிமிர்ந்தபோது அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். முழங்கை வரை ஈரம், இடுப்பில் துவாயில் சுற்றிய பிள்ளை. தாளைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே, எங்கிட்ட கொப்பி இருக்குங்க மாமா, என்றாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் அவசரமில்லாமல், தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு அவர் கண் காட்டப் போயிருந்தார், பாப்பாவுக்குக் காய்ச்சலென்று அவள் வேலைக்குப் போகவில்லை, பொலிசும் ஆமியும் மாடி மாடியாக ஏறி வந்தார்கள், தாளைக் கேட்டார்கள், அலுமாரியைத் திறந்து கோப்பை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதுதான் அவளும் முதல் தடவையாக வாசித்தாள், மறுபடி வந்து கேட்டால் காட்டவென்று அன்றே ஒரு கொப்பியும் எடுத்துவைத்துக்கொண்டாள். நாடா வேறு விதமாக முடிந்திருந்ததை அன்று மாலையே கண்டு, தனக்கு மறதி வந்துவிட்டது என்று அவர் கவலைப்பட்டிருந்தார்.

"நீ யாருன்னு கேட்டாங்க. பேப்பர்ல இருந்ததத்தான் சொன்னேன். புள்ள யாருதுன்னாங்க. வீட்டு ஆளுங்க புள்ளன்னேன்."

அவர் கையில் பேனை மூடி திறந்தபடி கிடந்தது. அவள் இன்னும் பிள்ளையின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மடலுக்குப் பின்னால் துடைத்தாள், மற்றக் காதையும் துடைத்தாள்.

"நகுலனிட்டை…" என்று தொடங்கினார்.

"அவருகிட்ட சொல்லல. பெறகு அப்பனும் மகனும் பேசிக்க மாட்டீங்க, நடுவுல சோறு போடுறவ நான்."

சிரிக்கிற மாதிரிச் சொன்னாள், சிரிக்கவில்லை. பிறகு, அவர் அதுவரை நினைத்தே பார்க்காத ஒன்றைச் சொன்னாள், அதுவும் பயணத்துக்குக் குடை எடுக்கலாமா என்று கேட்கிற தொனியில்.

"நாளைக்கும் அதையே சொல்லிருவேன் மாமா, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பொங்கலப்ப பாப்பா பேசல. இப்ப பேசுது. மறிச்சிக் கேக்குற நேரம் அம்மான்னு கூப்பிட்டுச்சின்னா, நான் என்னான்னு சொல்றது? அதான் காலையிலயே கேட்டேன். சாயங்காலத்துக்குள்ள மாத்த நேரம் இருக்குமேன்னு."

அவர் எழுந்தார். அலுமாரியைத் திறந்து கோப்பை எடுத்தார், சேர்ட்டை மாட்டினார், மேல் தெறியையும் பூட்டினார், செருப்பைப் போட்டார். முத்துலிங்கம் வீட்டுக்கு மூன்று மாடி இறங்க வேண்டும். இத்தனை மாதமும் அவள் அதை எங்கே வைத்திருந்தாள், அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த கையோடா, கண் மருந்தைத் துளித்துளியாக விட்டபோதா, அண்ணாந்து கிடந்த அவருடைய முகத்துக்கு மேலே அவளுடைய முகம் இருந்ததே, அப்போதுமா? குடும்ப மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அவர் எழுதினார், அவளோ அந்த எழுத்துப் பொய்யாகிவிடாமல் காத்துவிட்டாள், பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு… இதற்கு என்ன பெயர்?

முத்துலிங்கம் இடுப்பில் கட்டிய சாரத்தோடு கதவைத் திறந்து, வாங்கோ ஐயா, இருங்கோ, நாளைக்கு ஏதோ பயணமாம், என்றான். இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்குள், சின்னவள் படியிலை போற வாற எல்லாருக்கும் தண்ணி வீடு எண்டு சொல்லுறாள், என்று அவனே முடித்தான். தாளில் ஒரு திருத்தம் இருக்கிறது, என்றார் கனகசபாபதி. குரல் கந்தோர்க் குரலாக வந்தது, அதில் கொஞ்சம் தைரியமும் வந்தது. முத்துலிங்கம் தாளை வாங்கினான், முதல் வரியைப் பார்க்கவில்லை, இரண்டாவதைப் பார்க்கவில்லை, நேரே மூன்றாவது வரியில் கண்ணை வைத்தான், தலையை ஆட்டினான். ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிறிய படிவத்தை எடுத்து, ஆறு மணிக்கு முதல் நானே கொண்டுபோய்ச் சீல் அடிச்சுத் தாறன், நிரப்புங்கோ, என்றான். அவ்வளவுதான். அப்படியானால் இவனுக்கு… இவன் மனைவிக்கு, ரொறொன்ரோவுக்கு, லண்டனுக்கு… இந்தப் படிகளில் ஏறி இறங்குகிற எல்லோரும் பிள்ளை யாரை அம்மா என்று கூப்பிடுகிறது என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள். தாளை வாசித்த ஒருவன், அதிலிருந்து இவ்வளவு நாளும் அவளைப் பற்றி என்ன அறிந்துகொண்டிருப்பான்? அவளைப் பற்றி ஒன்றுமில்லை. வேறு யாரைப் பற்றி?

படிவத்தை இழுத்துக்கொண்டார். வரி இலக்கம், மூன்று. பெயர், எழுதினார், ஐந்து எழுத்து, இரண்டின் மேல் குற்று. முன்னைய உறவுமுறை, எழுதினார். திருத்திய உறவுமுறை… மருமகள். எழுதியாயிற்று, இவ்வளவு சின்னச் சொல். அதற்குக் கீழே இன்னும் ஒரு கட்டம் இருந்தது, திருத்தத்துக்கான காரணம். சரிதான், காரணம் இல்லாத திருத்தத்தை அவரும் ஒருநாளும் ஏற்றதில்லை, எத்தனை பேரின் காணி உறுதிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். விவாகம் என்று எழுதலாம், திகதி கேட்பார்கள், திகதி படிவத்துக்கு முந்தியது. பேனை நின்றது. முத்துலிங்கம் உள்ளே மனைவியிடம் தேத்தண்ணி சொன்னான், பிறகு குரலைத் தணித்து,

"எழுத்துப் பிழை எண்டு போடுங்கோ ஐயா. எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை," என்றான்.

எழுத்துப் பிழை. முப்பத்தாறு வருடத்தில் அவருடைய கையால் ஒரு எழுத்துப் பிழை விழுந்ததில்லை, அதைக் கந்தோரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதுவும் பொய்தானே, ஒரு பொய்யைத் திருத்த இன்னொன்றா… பிழை என்று மட்டும் எழுதினால்? அந்தக் கட்டம் ஒரு சொல்லுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பிழை என்றால் யாருடைய பிழை என்று அடுத்த மேசையில் கேட்பார்களா, கேட்கமாட்டார்களா, கேட்டால் என்ன சொல்வது, மகன் பக்கத்தில் நின்றால் என்ன சொல்வது… மணி ஐந்து பத்து, முத்துலிங்கம் காத்துக்கொண்டிருந்தான், கனகசபாபதி அந்த வெறும் கட்டத்தைப் பார்த்தபடியே இருந்தார், அவருக்குத் தெரிந்த எல்லாச் சொற்களும் அதற்குக் கொஞ்சம் பெரிதாகவோ கொஞ்சம் சிறிதாகவோ இருந்தன.