கனடாவில் இருக்கும் அண்ணன்

"இருமல் வந்தா தலையணையில முகத்தை வச்சு இருமு. குழாயைத் திறக்காதே. அவங்க போனப்புறம் நானே வந்து கூப்பிடறேன்."

ஹுதோக்ஷி மகனிடம் இதைச் சொன்னபோது அவள் விரல்களில் சுண்ணாம்பு மாவு ஒட்டியிருந்தது. வாசலில் மீன் கோலம் போட்டுவிட்டு நேரே வந்திருந்தாள். புர்ஸின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் தீனாஸ் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்று நிச்சயம். முதலில் ஜஷன் என்ற நெருப்புப் பூசை, பிறகு மோதிரம். அண்ணன் கனடாவில் வேலை பார்க்கிறான் என்ற பொய்யை அவிழ்த்துவிட்டவளே அவள்தான். வேலையை விட்டு, குளியலை விட்டு, பேச்சையும் விட்டு அவன் அறைக்குள் கிடக்க ஆரம்பித்தபோது, டாக்டர் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். அவர்கள் குடியிருந்த பார்சி காலனிக்கு அந்தப் பெயர் போதாது. 'அவங்க ரத்தத்துலேயே இருக்கு' என்று ஒரு வாய் சொன்னால் போதும், அந்த வீட்டுப் பெண்ணைத் தேடி எவன் வருவான்? விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பார்சி ஜனத்தில், எவர் வீட்டுத் தாத்தாவுக்குப் பித்து என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதனால்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வேலை.

அப்பா ஸாவக்கின் அவமானம் வேறு தினுசு. "நம்ம மதத்துல முதல் பாடமே நல்ல எண்ணம். அதுலயே பெயிலாகிப் படுத்திருக்கான். வெளியில என்னன்னு சொல்றது?" என்று மகன் காதுபடவே சொன்னவர். நல்ல எண்ணத்துக்கு அடுத்த பாடம் நல்ல சொல் என்பது மட்டும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

நவ்ஸாரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்தார்கள். பூசாரி தஸ்தூர்ஜி வெள்ளிக் கலத்தில் நெருப்பு வளர்த்தார். சந்தனமும் சாம்பிராணியும் வீட்டை நிறைத்தன. ஆரோக்கியம் வேண்டும் தந்தரோஸ்தி மந்திரத்தில் வீட்டார் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸாவக், ஹுதோக்ஷி, புர்ஸின், தீனாஸ்.

"புர்ஸின்தானே கனடாக்காரன்?" மாப்பிள்ளையின் அம்மா நர்கேஷ் தீனாஸின் காதருகே குனிந்தாள். "குளிர்ல உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு கண்ணு. கணப்புக்குன்னு ஒரு வெள்ளைக்காரியைப் பிடிச்சுக்கப் போறான்!"

பக்கத்திலிருந்தவர்கள் அடக்கிச் சிரித்தார்கள். தீனாஸும் சிரித்தாள். சிரித்த முகத்தை என்ன செய்வதென்று அப்புறம் அவளுக்குத் தெரியவில்லை. நோயாளி சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க, எங்குமே இல்லாத ஒரு சுகவாசிக்காக நெருப்பின் முன் ஆரோக்கியம் வேண்டுகிறார்கள். வெட்கம் காது மடல்வரை ஏறியது. இத்தனை மாதமும் அவள் அண்ணனை நினைத்து வெட்கப்பட்டாள். இன்று தன்னை நினைத்து.

பூசை முடிந்து ஹமாஸோர் தொடங்கியது. ஒருவர் கைகளை இன்னொருவர் இரு கைகளாலும் பற்றி, 'நம் பலம் ஒன்றாகட்டும்' என்று வேண்டி அடுத்தவருக்குக் கொடுப்பது வழக்கம். தஸ்தூர்ஜியிடமிருந்து அப்பாவுக்கு, அவரிடமிருந்து மாப்பிள்ளைக்கு என்று கூடத்தைச் சுற்றி வந்து, கடைசியில் நர்கேஷ் தீனாஸின் கைகளைப் பற்றி விட்டாள்.

"எல்லாருக்கும் ஆச்சு. இனிப்பு எடுத்துட்டு வர்றேன்," என்றாள் ஹுதோக்ஷி அவசரமாக.

"இன்னும் ஒருத்தருக்கு ஆகல மம்மா."

"தீனாஸ்! உக்காரு!"

அவள் போய் அறைக்கதவைத் திறந்தாள். புர்ஸின் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். மழிக்காத தாடி, கசங்கிய சட்டை. தலையில் பிரார்த்தனைத் தொப்பி. பூசை முழுவதையும் அவன் கதவுக்குப் பின்னாலிருந்தே செய்திருக்கிறான். தீனாஸ் கட்டிலருகே போனாள். அவன் கைகளைச் சேர்த்துப் பற்றினாள். அவை சில்லிட்டிருந்தன.

"என் பேரைச் சொன்னாரே, கேட்டேன்," என்றான் அவன். "அது கனடாக்காரனுக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னான். கூடம் முழுவதும் கேட்டது. நர்கேஷ் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நேத்துதான் பிளேன்ல வந்தான். களைப்பு..." ஸாவக் சிரிக்கப் பார்த்தார்.

"போதும் பப்பா," என்றாள் தீனாஸ். "தஸ்தூர்ஜி, தந்தரோஸ்தி இன்னொரு தடவை ஓதணும். இவனுக்கு மட்டும். இவன் எங்கேயும் போகல. மனசு சரியில்லாம இந்த வீட்லதான் இருக்கான்."

தஸ்தூர்ஜி ஸாவக்கைப் பார்த்தார். ஸாவக் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் செருப்பு மாட்டும் ஓசை வாசலில் கேட்டது. ஹுதோக்ஷி இரண்டடி அந்தப் பக்கம் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். தணிந்துபோன நெருப்பில் ஒரு சந்தனத் துண்டை வைத்தாள்.

"புர்ஸின்னு சொல்லுங்க தஸ்தூர்ஜி," என்றாள். "வெளியில போறவங்களுக்கும் கேக்கிற மாதிரி, உரக்கச் சொல்லுங்க."